டிக்கெட்டில் இருக்கும் மணி



தங்கவயலுக்குத் தூரப் பயணம் புதிதல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கூண்டில் ஏறி அந்த ஆழத்துக்கு இறங்கி வேலை செய்த ஊர் இது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் பலர். பிள்ளைகளில் சிலர் கடல் கடந்தும் போனார்கள்.

ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வருகிறான். தாய் டிக்கெட்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். 9-ஆம் தேதி இரவு 8:30-க்குப் புறப்பாடு. 11-ஆம் தேதி விடியற்காலை 3 மணிக்குப் பெங்களூர். விரல்விட்டு எண்ணுகிறார். முப்பதரை மணி நேரம்! பிள்ளை இவ்வளவு நேரமா ஆகாயத்தில் இருப்பான்? தாய்க்கு வயிறு கலங்குகிறது.

தாய் படித்தது சரி. கூட்டியதும் சரி. ஆனால் அந்த இரண்டு மணிகளும் ஒரே கடிகாரத்தின் மணி அல்ல.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். பூமி உருண்டை. இங்கே விடியும்போது அங்கே சூரியன் மறைந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ கடிகாரம் நம் கடிகாரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். முப்பதரையில் பதின்மூன்றரையைக் கழியுங்கள். 17 மணி நேரம். பிள்ளை பறப்பது அவ்வளவுதான்.

இது வெறும் கணக்கு அல்ல. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று இப்படித்தான் வந்தது. ஓட்டி வந்த விமானிகள் நால்வரும் பெண்கள். தலைமை விமானி ஜோயா அகர்வால். இரு ஊர்களுக்கும் நேர்த் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். அவர்கள் பறந்த வழியோ சுமார் 16,000 கிலோமீட்டர். காற்று, வானிலை இவற்றைப் பார்த்து வழி வளையும். அவர்கள் வட துருவத்தின் மேலே, பனிக் கடலைக் கடந்து வந்தார்கள்.

அமெரிக்காவிலிருந்து வர வடக்கே ஏன் போகவேண்டும்? வீட்டில் ஒரு பந்தும் நூலும் எடுங்கள். பந்தின் இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டையும் மேல்பாதியிலேயே வையுங்கள். நூலை இழுத்துப் பிடித்தால் அது பக்கவாட்டில் சுற்றாது. உச்சி வழியாகவே போகும். அதுதான் குறுக்கு வழி. தட்டையான வரைபடத்தில் இது தெரியாது.

திரும்பிப் போகும்போது கணக்கு வேறு விதமாக ஏமாற்றும். குளிர்காலத்தில் பெங்களூரில் பகல் 2 மணிக்கு ஏறி, 16 மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் மாலை 4:30 மணி. டிக்கெட்டைப் பார்த்தால் மாரிகுப்பம் ரயில் பெங்களூர் போகும் நேரம்தான் ஆனதுபோல் தோன்றும்! அந்த 16 மணி நேரமும் பிள்ளையின் போன் எடுக்காமல் போகலாம். பயப்பட வேண்டாம்.

பிறகு தாய் போன் செய்யவேண்டும் அல்லவா? இங்கே காலை 8 மணி என்றால், அங்கே முந்தின நாள் மாலை 6:30. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அப்போது 7:30. வேலை முடிந்து பிள்ளை வீட்டில் இருக்கும் நேரம்.