புறம்போக்கு விறகு யாருக்கு?

தோழர்களே, ஒரு கட்டு விறகைப் பற்றித்தான் பேசப் போறேன்.

1882இல் வெள்ளைக்காரன் சென்னை வனச் சட்டம் கொண்டுவந்தான். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் விறகு வெட்டுவது குற்றமானது. அந்தச் சட்டம் தமிழ்நாடு என்று பெயர் மாறி இன்றும் உயிரோடிருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டமோ பழங்குடி அல்லாதவரிடம் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்கிறது. சேரிக்காரனுக்கு எவன் எழுதிவச்சான் ஆதாரம்?

காடு கிடக்கட்டும், கண்மாய்க்கு வாங்க. அங்கே சீமைக்கருவேலத்தை ஏலம் விடுகிறார்கள். ஏலத்தொகை கட்ட நம்மகிட்ட காசு ஏது? எடுத்தவர் மூட்டம் போட்டுக் கரியை லாரியில் ஏற்றினால் குத்தகை. எங்கம்மா தலைச்சுமையாக ஒரு கட்டு கொண்டுவந்தால் திருட்டு! அரிவாளையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

'அதான் கேஸ் அடுப்பு கொடுத்தாச்சே' என்பார்கள். அடுத்த சிலிண்டருக்குக் காசு யார் கொடுப்பா?

மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். தலைவர் நாற்காலியோடு புறம்போக்கின் மீதும் அதிகாரம் வருகிறது என்பது சாதிக்குத் தெரியும், நமக்கும் தெரியணும்.

ஆகவே கிராமசபையில் எழுந்து கேளுங்கள்: முதலில் தலைச்சுமை உரிமை, பிறகுதான் ஏலம். அதை ஏல நிபந்தனையிலேயே எழுத வையுங்கள். இது பிச்சையல்ல, பங்கு.