தவக்குலும் தன்னை ஏமாற்றுதலும்

  

2022 ஏப்ரலில் லூனா என்னும் கிரிப்டோ நாணயத்தின் விலை 100 டாலரைக் கடந்து நின்றது. தென்கொரியரான டோ குவானின் நிறுவனம் வெளியிட்டது அது. அதன் துணை நாணயம் எப்போதும் 1 டாலர் மதிப்பிலேயே நிற்கும் என்றனர். அதை வைப்பாக வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வருவாய் என்றும் ஆசை காட்டினர். மே மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டும் சரிந்தன. 2025ஆம் ஆண்டில் டோ குவான் நியூயார்க் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

சரிவின் நடுவிலும் பலர் வாங்கினர். பாதி விலையானபோது 'மலிவு' என்றனர். 1 டாலரானபோது 'இனி இறங்க இடமேது?' என்றனர். லூனாவோ ஒரு சென்ட்டுக்கும் கீழே வீழ்ந்தது. 1 டாலருக்கு வாங்கியவரும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேல் இழந்தார்.

சிந்தித்துப் பாருங்கள்! நம்மில் சிலர் இம்மனநிலைக்குத் 'தவக்குல்' என்று பெயர் சூட்டுகின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஒட்டகம் தானே திரும்பி வரும் என்று காத்திருப்பது தவக்குல் ஆகாது.

கிரிப்டோ கூடுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், வட்டிக்குக் கடன் வாங்குவது ஹராம் என்பதில் ஐயமில்லை. மனைவிக்குத் தெரியாமல் அவளது நகையை அடகு வைப்பது அமானித மோசடியே. 'விலை ஏறட்டும், பிறகு சொல்லலாம்' என்று மறைக்கும் ஒவ்வொரு நாளும் கடன் வளர்கிறது, பொய்யும் வளர்கிறது.

அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம், பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதைத் தடுக்கிறது. அதே வசனம் உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. பொருளை இழந்தவர் உயிரையும் இழந்துவிடக் கூடாது என்பதில் இறைவனின் கருணையைக் காணுங்கள்.

ஆகவே, இழந்தவர்களே! இன்றிரவே கணக்கை எழுதுங்கள். வீட்டாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இழந்ததை மீட்கப் புதிய கடன் வாங்காதீர்கள். இருக்கும் கடனைத் தீர்க்க வழி தேடுங்கள். குடும்பத்தாரே! உண்மை சொல்ல வந்தவரை ஏசி விரட்டாதீர்கள். அவரது தவ்பாவுக்குத் துணை நில்லுங்கள்.

ஹலாலான சம்பாத்தியத்தையும் அதில் பரக்கத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.