பறங்கி விருந்தும் நம் பந்தியும்

(ஜூபிலி விழா இரவு விருந்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி விருந்தைப் போர்த்துக்கீசிய முறையில், பாட்டுக் கச்சேரியோடு நடத்தலாம் என்று இளைஞர் கேட்டபோது, "நம்மூருக்கும் பறங்கி விருந்துக்கும் என்ன தொடர்பு?" என்று முதலில் மறுத்தது நாமே. அந்த மறுப்பை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

தொடர்பு நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். வாஸ்கோ டகாமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தபின், போர்த்துக்கீசியர் கப்பல்கள் வழியாகவே அது இந்நாட்டை அடைந்தது. அதற்குமுன் நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. விந்தாலு என்பதும் அவர்கள் திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்த இறைச்சிதான்; கோவாவில் கள்ளுக் காடியும் மிளகாயும் சேர்ந்து புதுப்பிறவி எடுத்தது. மேசை, சாவி, ஜன்னல், அலமாரி ஆகிய சொற்களும் அவர்கள் விட்டுச் சென்றவையே.

இன்னும் அருகே வருவோம். இதோ, நம் பக்கத்துச் செஞ்சி. அங்கே ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கரைக் காண, 1597ஆம் ஆண்டளவில் பிமெந்தா என்ற போர்த்துக்கீசிய சேசு சபைக் குரு வந்தார். நாயக்கர் வெற்றிலை அளித்தார். வந்தவர்கள் அதை மெல்லவில்லை. தாம்பூலத்தை மறுப்பது நம் நாட்டில் சிறு காரியமா? நாயக்கர் வியந்தார், ஆயினும் வெறுங்கையாய் அனுப்பவில்லை. பொன்னிழை ஆடைகளைப் பரிசளித்து, தாம் எழுப்பிவந்த புதிய நகருக்கு ஒரு குருவை அனுப்புமாறும் கேட்டுக்கொண்டார். இதைப் பிமெந்தாவே தம் மடலில் எழுதியிருக்கிறார்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. நம் அயலாரில் பலர் மாமிசம் உண்ணாதவர்கள். அவர்களுக்குத் தனிப் பந்தி போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் பந்தியைப் பிரித்ததால் நம் திருச்சபை பட்ட காயங்களை நாம் மறக்கலாகாது. ஆகவே முதல் பந்தி எல்லாருக்கும் சைவமே. தனி அடுப்பு, தனிப் பாத்திரம். நாமும் அதில்தான் அமர்கிறோம். விந்தாலு பிற்பாடு வரும். "ஜூபிலிக்கும் கத்தரிக்காயா, சாமி?" என்று ஒரு குரல் கேட்டது. ஆம் பிள்ளாய், அரை மணி நேரம் பொறுத்துக்கொள்!

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலின் இசைக்கக் கஃப்ரிஞ்ஞா ஆடுவார்கள். அந்தத் துள்ளல் தாளத்தை நம் பாடகர் குழு வயலின், ஆர்மோனியம், தபேலாவில் பழகியிருக்கிறது. ஒலிபெருக்கியை மட்டும் தணித்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். பக்கத்து இலைக்காரர் பேசுவது காதில் விழாவிட்டால் அது என்ன விருந்து?

பரிமாறும் பிள்ளைகளே, யாரையும் வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்றால் வருந்தாதீர்கள். வெற்றிலைத் தட்டு வாசலில் இருக்கிறது. மெல்லாதவர்களும் கையில் எடுத்துச் செல்லலாம்.

வாருங்கள், இலை போட்டாயிற்று.