கோடியில் ஒரு பங்கு வினாடி: பெருந்திறன் மின்துடிப்பும் சுவிட்சும்



அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கி நகரிலுள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்தில் 'இசட்' என்றொரு இயந்திரம் இருக்கிறது. ஒருமுறை இயக்குவதற்கு அதன் மின்தேக்கிகளில் சேர்க்கும் ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். மின்வாரியக் கணக்கில் ஆறு யூனிட்டுக்கும் குறைவு. அந்த ஆற்றலைக் கொண்டு 2.6 கோடி ஆம்பியர் மின்னோட்டத்தை, ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் எழுப்புகிறார்கள். நடுவிலுள்ள மெல்லிய டங்ஸ்டன் கம்பிகள் பிளாஸ்மாவாகி, தம் காந்தவிசையாலேயே உள்நோக்கி நசுங்கி எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன.

ஆற்றல் எளிதில் கிடைத்துவிடுகிறது. நேரத்தைச் சுருக்குவதில்தான் பாடு. அந்தப் பாட்டைச் சுமக்கும் சுவிட்சுக்கு உரிய பெயர் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஜெர்மானியப் பொறியாளர் எர்வின் மார்க்ஸ் 1924இல் விவரித்த சுற்றைப் பாருங்கள். மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில், மின்தடைகள் வழியே மெல்ல மின்னேற்றுகிறோம். அடுக்குக்கு அடுக்கு, சிறு இடைவெளி விட்ட இரண்டு உலோக உருண்டைகள். முதல் இடைவெளியில் பொறி பாய்ந்ததும் அடுத்ததன் குறுக்கே மின்னழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அதுவும் தாங்காமல் பாய்கிறது. இப்படியே பாய்ந்து பாய்ந்து எல்லா மின்தேக்கிகளும் தொடர் இணைப்புக்கு வந்துவிடுகின்றன. அடுக்குக்கு 100 கிலோவோல்ட் வீதம் பத்து அடுக்கு என்றால், வெளிவருவது 10 லட்சம் வோல்ட்டை நெருங்கும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை, காற்றே சுவிட்ச். மின்மாற்றிகள் இடியைத் தாங்குமா என்று சோதிக்க இன்றும் இதே சுற்றுதான். 1.2 மைக்ரோ வினாடியில் உச்சம் தொட்டு, 50 மைக்ரோ வினாடியில் பாதியாக இறங்கும் துடிப்பை அது தருகிறது.

ஆனால் இசட்டுக்கு அந்த வேகம் போதாது. அங்கே துடிப்பைக் கட்டம் கட்டமாகச் சுருக்கக் கைகொடுப்பது நீர். நீரா என்று நீங்கள் வியப்பது நியாயமே. அயனிகளை நீக்கிய தூய நீர், மிகக் குறுகிய நேரத்துக்கு அருமையான காப்புப் பொருள். அதன் மின்காப்பு மாறிலி சுமார் 80. 1960களில் இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டனில் சார்லி மார்ட்டின் குழுவினர் கண்ட விதியை நான் பெரிதும் மதிக்கிறேன்: மின்னழுத்தம் நிற்கும் நேரத்தை எட்டில் ஒரு பங்காக்கினால், நீர் இரு மடங்கு மின்புலத்தைத் தாங்கும். ஆகவே துடிப்பைச் சுருக்கச் சுருக்க, அடுத்த கட்டம் இன்னும் அடக்கமாகிறது.

இசட்டில் இப்படித் துடிப்பைச் சுருக்கும் தடங்கள் 36. அவை சில நானோ வினாடிப் பிசகுக்குள் ஒன்றாக வந்துசேர வேண்டும். அதற்காகத் தடத்துக்கு ஒன்றாக, சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயு நிரப்பிய சுவிட்சை லேசர் ஒளிபாய்ச்சி மூடுகிறார்கள். பல லட்சம் வோல்ட்டைத் தாங்கி நின்று, சொன்ன கணத்தில் விட்டுவிட வேண்டும். முன்னும் கூடாது, பின்னும் கூடாது.

ரஷ்யாவின் தோம்ஸ்க் நகர ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். இரண்டு மின்தேக்கிகளும் ஒரு சிறு சுவிட்சும் சேர்ந்தது ஓர் அலகு. அத்தகைய அலகுகளை வட்டமாக அடுக்கி, வட்டங்களை வரிசையாகக் கோத்தால், இடையில் துடிப்பைச் சுருக்கும் கட்டங்களே தேவையில்லை. ஒவ்வொரு சுவிட்சின் சுமையும் குறைகிறது. ஆனால் பெரிய இயந்திரத்துக்கு இத்தகைய சுவிட்சுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அவற்றுள் ஒன்றிரண்டு முந்திக்கொண்டால் துடிப்பின் வடிவம் எவ்வளவு கெடும், அவற்றை எத்தனை முறை நம்பி இயக்கலாம் என்பவற்றை மாணவர்களாகிய உங்களில் சிலராவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.