கதவைத் தட்டுங்கள்!
(வேங்கிக்கால் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2022-ல் ‘டார்லிங்ஸ்’ என்றொரு இந்திப் படம் வந்தது. ஜஸ்மீத் கே. ரீன் என்ற பெண்மணி டைரக்ட் செய்த படம். ஆலியா பட் கதாநாயகி. அடிக்கிற புருஷனிடமிருந்து ஒருத்தி எப்படித் தப்புகிறாள் என்பதே கதை. அடுத்து என்ன நடக்குமோ என்று நெஞ்சு படபடக்கிறது. மாளிகையில் நடக்கிற கதையல்ல. மும்பை பைகுல்லாவில், ஏழை எளியவர்கள் நெருக்கியடித்து வாழும் குடியிருப்பில் நடக்கிறது.

புருஷன் ஹம்ஸா ரயில்வே டிக்கெட் பரிசோதகன். மேலதிகாரி அவனைக் கக்கூஸ் கழுவச் சொல்கிறான், தலைகுனிந்து கழுவுகிறான். வீட்டில் சோற்றில் கல் கிடந்தால் பெண்டாட்டி பத்ருவை அடிக்கிறான்!

மில் மேஸ்திரியின் வசவை வாய்பொத்திக் கேட்டவன், நிலக்காரர் முன் கைகட்டி நின்றவன், வீட்டு வாசலைத் தாண்டியதும் ஜமீன்தாராகிவிடுவது வீரமா? கூலிக்காக உயர்த்துகிற கையைப் பெண்டாட்டி மேல் ஓங்கலாமா?

“குடிதான் காரணம், விட்டால் திருந்திவிடுவான்” என்று பத்ரு நம்புகிறாள்; போலீஸ் புகாரையும் கைவிடுகிறாள். குடியை விட்ட பிறகும் அவன் அடிக்கிறான். மாடிப்படியில் தள்ளுகிறான், கரு கலைகிறது. சாராயம் குடும்பத்தைக் கெடுப்பது மெய்தான். ஆனால் எவ்வளவு குடித்தாலும் அவன் மேலதிகாரியை அடிப்பதில்லையே! பெண்டாட்டியை அடித்தால் கேட்பாரில்லை என்ற தைரியமே அவன் கையை ஓங்கவைக்கிறது.

அந்தத் தைரியத்தைக் கொடுப்பது யார்? அக்கம்பக்கத்தாரின் மௌனம்! மேலே அடி விழுகிறது. கீழே அழகு நிலையத்தில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஜுல்ஃபி என்ற வாலிபன் ஒருவன்தான் போலீசுக்குச் சொல்கிறான்.

முடிவில் ஹம்ஸா ரயிலில் அடிபட்டுச் சாகிறான். சினிமாவில் ரயில் வரும். நம் தெருவில் வராது. நாம்தான் வரவேண்டும்.

அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2005-ல் நிறைவேறிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. அடிபட்டவளே வந்து சொல்லவேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்த எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் கொடுக்கலாம் என்கிறது 4-வது பிரிவு. நல்லெண்ணத்துடன் சொன்னவர் மீது வழக்கு வராது. வீடு புருஷன் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமையுண்டு என்கிறது 17-வது பிரிவு. அவனையே வெளியேறும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்கிறது 19-வது பிரிவு. ஆகவே, வீட்டை விட்டு ஓடவேண்டியவள் அவளல்ல! பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். அவசரத்துக்கு 181 என்ற டெலிபோன் எண் இருக்கிறது.

ஜில்லா கலெக்டர் அலுவலகமே இந்த வேங்கிக்காலில்தான் இருக்கிறது. ஆனால் அன்றாடங்காய்ச்சிப் பெண்ணுக்கு அந்தப் படி வெகுதூரம். போனால் ஒருநாள் கூலி போகும், கையில் குழந்தை, மனதில் பயம். தனியாகப் போனால், பத்ருவைப் போலத் திரும்பிவிடுவாள். நாலு பேர் கூடப் போகவேண்டும். அன்றைய கூலியை நாம் திரட்டித் தரவேண்டும். ராத்திரி தங்க ஒரு திண்ணையாவது காட்டவேண்டும்.

“அது அவர்கள் வீட்டு விவகாரம்” என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். சுவருக்கு அப்பால் அலறல் கேட்டால் கதவைத் தட்டுங்கள். அடிக்கிறவன் நம் சங்கத்து ஆள் என்றால், இன்னும் பலமாகத் தட்டுங்கள்!