இருதயத்தில் ஒளிந்திருக்கும் பக்கவாதம்

தேவிகுளத்து மலைச்சரிவில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வயது முப்பத்தெட்டு. இரத்த அழுத்தம் இல்லை, நீரிழிவும் இல்லை. திடீரென்று வலக்கை துவள்கிறது, வாய் கோணுகிறது, சொல் எழவில்லை. இவளுக்கு எப்படிப் பக்கவாதம் வந்தது என்று லயத்து மக்கள் திகைக்கின்றனர். மூளையைப் படம் பிடித்தால், இரத்தக்கட்டி ஒன்று குழாயை அடைத்திருக்கிறது. கழுத்துக் குழாய்களிலோ குற்றம் ஏதும் காணோம். அப்படியானால் அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது?

அடைப்பினால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வழக்கமான சோதனைகள் முடிந்த பின்னும் காரணம் புலப்படுவதில்லை. அவற்றில் ஒரு பகுதிக்கு இருதயமே மூலம். அதன் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கினால், இரத்தம் ஒரு மூலையில் தேங்கி உறைகிறது. உறைந்த துணுக்கு ஓட்டத்தோடு மூளைக்கு ஏறிவிடுகிறது. நடுக்கம் எப்போதும் இருந்தால் நாடி பிடித்தே ஐயுறலாம். வந்து வந்து மறைவதாயின், சில விநாடி எடுக்கும் ஈ.சி.ஜி.யில் அது அகப்படாது; ஒரு நாள் கட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவிக்கும் தப்பலாம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய நோயாளரின் மார்புத் தோலின் கீழ்ச் சிறு கருவியைப் பதித்து ஓராண்டு கவனித்தார்கள். 100-க்கு 12 பேரிடம் நடுக்கம் வெளிப்பட்டது. வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டோரில் 2 பேரிடமே அது தெரிந்தது.

இவ்வளவு தேடுவானேன், இரத்தம் உறையாதிருக்கும் மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே எனத் தோன்றும். 2018-லும் 2019-லும் வெளியான பெரிய ஆய்வுகளில் அவ்வாறு கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பிரினைவிட அது பக்கவாதத்தைக் குறைக்கவில்லை. ஆகவே காரணத்தைக் கண்டுபிடித்தே தீரவேண்டும்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதல் மூணாறு, பீர்மேடு வரை கேரளத்தின் கிழக்கு எல்லையோரம் வாழும் நம்மவர் எல்லோருக்கும் பதிக்கும் கருவி எளிதில் எட்டாது. ஆனால் எக்கோ என்னும் ஒலியலைப் படம் மற்றொரு காரணத்தைத் தெளிவாகக் காட்டும். சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், மூட்டுகளை வீங்கவைத்துச் சென்றபின், மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடக்கூடும். நெருக்கமான குடியிருப்புகளில் இக்காய்ச்சலுக்கு வாய்ப்பு மிகுதி. முப்பது வயதில் படியேறும்போது மூச்சு வாங்கினால் நாம் மலையைக் குறை சொல்கிறோம். மலை என்ன செய்யும்!

இளையோரிடம் மேலறைகளுக்கு இடையே கருவிலிருந்த துவாரம் மூடாதிருப்பதும் காரணமாகலாம். நலமாயுள்ள பெரியவர்களிலும் நால்வரில் ஒருவருக்கு அது இருப்பதால், கண்டவுடன் அதன்மேல் பழி சுமத்தலாகாது.

மைட்ரல் வால்வு சுருங்கி மேலறையும் நடுங்குவோர்க்கு வார்ஃபாரின் வகை மருந்தே ஏற்றது. புதிய மருந்தான ரிவரோக்ஸபானைவிட அதுவே நன்று என்பதை, ருமாட்டிக் நோயாளரிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனையைத் தவறாது செய்து, பெரும்பாலோர்க்கு அதனை 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்தவேண்டும். முருங்கைக்கீரையை விலக்கவேண்டியதில்லை, ஒருநாள் மிகுதியாகவும் மறுவாரம் இல்லாமலும் உண்பதுதான் கணக்கைக் கெடுக்கும்.

சிகிச்சைக்காகப் பாலக்காட்டார் கோவைக்கும், மலையிலுள்ளோர் கோட்டயத்துக்கோ போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ செல்வதுண்டு. எங்குச் சென்றாலும் மருந்தின் பெயர், அளவு, கடைசி ஐ.என்.ஆர். எண் இவற்றை எழுதிய சீட்டு கையோடிருக்கட்டும்.