உயிர்வேதியியலும் ஊட்ட உணவும்: கமலா சோஹனியின் கல்விப் பணி
(உரையின் சுருக்கம்)

நாட்டு வளர்ச்சியைக் கணக்கிடும்போது அணைகளையும் ஆலைகளையும் முதலில் எண்ணுவது வழக்கம். அறிவாற்றலும் ஒரு மூலதனமே. அதனைப் பயன்படுத்தாமல் விடுவதால் நேரும் இழப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. உயிர்வேதியியல் அறிஞர் கமலா சோஹனியின் வரலாறு இதனை நன்கு விளக்குகிறது.

1933ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதன்மையாகத் தேறிய கமலா பாகவத், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். அவருடைய தந்தையும் சிறிய தந்தையும் அக்கழகத்தில் பயின்ற வேதியியலார். ஆயினும், பெண் என்ற காரணத்தால், அப்போதைய இயக்குநர் சர் சி. வி. இராமன் இடமளிக்க மறுத்தார். கமலா அம்முடிவை ஏற்கவில்லை. இறுதியில், ஓராண்டுக் காலம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற மேதையிடமும் சமுதாயத்தின் பழைய மனப்போக்கு குடிகொண்டிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

எம். சீனிவாசய்யாவின் வழிகாட்டலில் பால், பருப்பு வகைகள் ஆகியவற்றின் புரதங்களைக் கமலா ஆராய்ந்தார். அவரது உழைப்பைக் கண்டபின் இராமனின் தயக்கம் நீங்கியது. 1936இல் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், அடுத்துக் கேம்பிரிட்ஜ் சென்றார். உயிர்ச்சத்து ஆய்வுக்காக 1929இல் நோபல் பரிசு பெற்ற ஹாப்கின்ஸின் உயிர்வேதியியல் துறை அங்கு புகழுடன் விளங்கியது. உருளைக்கிழங்கில் தொடங்கிய ஆய்வின் வழியே, தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி என்னும் பொருள் இருப்பதையும், உயிரணுக்களின் சுவாசத்தில் அது பங்கு கொள்வதையும் அவர் காட்டினார். சுமார் நாற்பது பக்கமே கொண்ட அவ்வாய்வேட்டுக்கு 1939இல் முனைவர் பட்டம் வழங்கப்பட்டது.

அவ்வாண்டே தாயகம் திரும்பிய அவர், டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியிலும், பின்னர் நீலகிரியில் குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்திலும் பணிபுரிந்தார். 1947இல் திருமணமாகிப் பம்பாய் சென்றபின், அங்குள்ள அறிவியல் நிலையத்தில் பேராசிரியராகி, காலந்தாழ்ந்தேனும் அதன் இயக்குநராகவும் உயர்ந்தார்.

அவரது ஆராய்ச்சி ஏழை மக்களின் உணவையே மையமாகக் கொண்டது. பருப்பு வகைகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. அவற்றை அவர் தம் மாணவர்களுடன் ஆராய்ந்தார். நன்கு வேகவைக்கும்போது இத்தடைப் பொருள்கள் பெரிதும் செயலிழக்கின்றன. பனை இனத்து மரங்களிலிருந்து இறக்கப்படும், புளிக்காத நீரா பற்றிய அவரது ஆய்வு, அதன் ஊட்டச்சத்து மதிப்பை எடுத்துக்காட்டியது. குறைந்த செலவில் ஊட்டம் தேடும் நாட்டிற்கு இத்தகைய ஆய்வு இன்றியமையாதது. இப்பணிக்குக் குடியரசுத் தலைவர் விருது கிடைத்தது. 1998இல் அவர் மறைந்தார்.

1933இல் அந்த விண்ணப்பத்துடன் முயற்சி நின்றிருந்தால், இப்பயன்களும் அவரிடம் பயின்ற மாணவர்களும் நாட்டிற்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். கமலா போராடி நுழைந்தார். போராட இயலாமல் திரும்பியோர் எத்தனை பேரோ! விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலர்கள் தகுதி ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது கருணையன்று, சிறந்த பொருளாதாரம். மாணவர்களோ, மறுப்பைக் கண்டு மனந்தளராமல் தம் தகுதியைச் செயலால் நிலைநாட்டுதல் வேண்டும்.